கெட்டிமேளத்துக்கு முந்தைய இரண்டு நிமிடம்

இன்று காலை கீபோர்டில் ஒரு கட்டை கீழே இறங்க மறுத்தது. கத்தி முனையால் நெம்பிப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் பூசிய ஓர் அரிசி மாட்டிக்கொண்டிருந்தது. உன் கல்யாணத்து அட்சதை. "அதுக்கப்புறம் எத்தினி கல்யாணத்துல வாசிச்சே, எந்த அரிசின்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று நீ கேட்பாய். எனக்கு அது உன்னுடையதுதான். நீ போய் இது இரண்டாவது கார்த்திகை. இன்னமும் எதற்கெடுத்தாலும் உன்னோடு மல்லுக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறேன். பதில் சொல்ல நீ இல்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

செங்கம் சாலையில் உங்கள் வீட்டு மாடியறையில் வெகுநாள் தங்கியிருந்த வெள்ளைக்காரர், ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பழைய லேப்டாப்பையும் இந்தக் கீபோர்டையும் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீ மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள் என்று அவருக்குத் தெரியும். அதே குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள் நான் என்பதால், அன்று மாலையே இரண்டையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். ஆசையாக ஒரு கட்டையை அழுத்தினோம். சத்தமே வரவில்லை. "இன்னாடி, ஊமையைக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றாய். அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது, குரலெல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கிறது என்பது விளங்கவே நமக்குச் சில வாரங்கள் ஆயின. உள்ளே ஒவ்வொரு வாத்தியமும் ஒரு ப்ளகின். ப்ளகின் தானாக இயங்காது. அதை உட்கார வைக்க இன்னொரு மென்பொருள் வேண்டும், அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள் என்ற திமிரோடு இதை உனக்கு நீட்டி முழக்கி விளக்கினேன். "மாப்பிள்ளை உக்கார மணை வேணும்ன்றே, அவ்ளோதானே?" என்று முடித்துவிட்டாய்.

சில மாதங்களில் உனக்கே மாப்பிள்ளை அமைந்தது. அவருக்கு வேறு நாளில் லீவு இல்லை என்று தீபத் திருவிழா நடக்கும் நாட்களிலேயே முகூர்த்தத்தை வைத்துவிட்டார்கள். கல்யாணத்தை முன்னின்று நடத்திய உன் மாமா மேளக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். நாதஸ்வரமும் தவிலும் தெரிந்த அத்தனை பேரும் சாமி புறப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். நம் குழுவின் பையன்களும் திருவிழாக் கச்சேரிகளுக்குப் போய்விட்டார்கள். "டேப்பு போட்டுக்கலாம், இப்ப எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க" என்றார் மாமா.

"வாணாம் மாமா. போன மாசம் பாத்தோமே, தாலி கட்டற நேரத்துல டேப்பு மாறி சோகப் பாட்டு ஓடிச்சே. ஐயர் கையைத் தூக்கறப்ப மேளமும் கூடவே எகிறணும். அதுக்கு ஒரு ஆளு வேணும். இவ வாசிப்பா" என்று என்னைக் காட்டினாய். என்னைக் கேட்கவே இல்லை.

நான் மறுத்திருப்பேன். நிச்சயதார்த்தத்தன்று நடந்தது மனதில் இருந்ததால்தான் மறுக்கவில்லை. அன்று தட்டு மாற்றும்போது கரன்ட் போனது. மாப்பிள்ளையின் பெரியம்மா அந்த இருட்டிலேயே, "முன்னாடி வந்து நிக்க வேண்டாம்னா கேக்கணும்" என்றாள். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, அங்கே கணவனை இழந்தவள் உன் அம்மா ஒருத்திதான். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். விருந்து முடிந்து கடைசி ஆள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மாமாவிடம் என்னைக் காட்டிய மறுநாள் என்னிடம் வந்து சொன்னாய். "தாலி கட்டறப்ப காதுல வேற எந்தச் சத்தமும் விழக்கூடாதுன்னுதான் கெட்டிமேளம். அது நின்னு போச்சின்னா அபசகுனம்னுவாங்க. அதையும் எங்கம்மா தலையிலதான் கட்டுவாங்க. புரியுதாடி?" புரிந்தது.

லேப்டாப்பில் இரண்டு ஹோஸ்ட் இருந்தன. ஒன்று பெரியது. பாட்டுப் பதிவு செய்யலாம், வெட்டலாம், ஒட்டலாம், கோவில் பிரகாரத்தில் வாசிப்பது போல எதிரொலி கூட்டலாம். எனக்கு அதன் மேல்தான் ஆசை. நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் நான்கையும் அதில் ஏற்றி வைத்தேன். கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. வேகம் கூட்டி வாசித்தால்தான் வம்பு. கட்டையை அழுத்திய பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரல் கொடுத்தது. இன்னும் வேகம் கூட்டினால் வறட்டு இருமல் போல வெட்டி வெட்டி வந்தது. மற்றது மிகச் சின்னது. திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு காலிப் பெட்டி, வேறு ஒன்றும் இராது. வாத்தியத்தை அதில் கொண்டுவந்து போட வேண்டும், எந்தக் கீபோர்டு என்று காட்ட வேண்டும், வாசிக்க வேண்டும். மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

"இதுல இன்னாடி இருக்குது? ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"கல்யாணத்துக்கு வர்றவனுக்கு எலையில சோறு விழணும். அவனுக்குச் சமையல்கட்டைச் சுத்திக் காட்டத் தேவையில்ல" என்றாய்.

நான் பெரியதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். நீ வாதாடவில்லை. நான் மெய்மறந்து வாசித்துக்கொண்டிருந்தபோது எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினாய். அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, கரன்ட் போனால் அதுவும் போகும். திரை கறுத்தது. "அன்னிக்குக் கரன்ட் போனா இன்னா பண்ணுவே? எழுப்பு" என்றாய். பெரிய ஹோஸ்ட் எழுந்திருப்பதற்குள் நீ என் வீட்டுக் கொடியில் காய்ந்த துணி முழுவதையும் மடித்து முடித்துவிட்டாய். திடீரென்று நின்றுபோனதால் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு ப்ளகினாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. அடுத்து சின்னதைத் திறக்கச் சொல்லி மறுபடியும் பிளக்கைப் பிடுங்கினாய். லேப்டாப் எழுந்த கையோடு அதுவும் எழுந்துவிட்டது. நாதஸ்வரத்தையும் தவிலையும் மட்டும் போட்டேன், உடனே ஒலித்தன. அழுத்தினால் அழுத்திய நொடியில் குரல். அன்றோடு பெரியதை மூடி வைத்தேன்.

அதன் பிறகு தினமும் அதே வேலை. வலக்கையில் நாதஸ்வரம், இடக்கையில் தவில். சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கைப் பிடுங்குவாய். கல்யாணப் பெண் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் உட்காராமல் என் வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாளே என்று என் அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டவுன் மண்டபங்களெல்லாம் தீபத்துக்கு வந்த கூட்டத்தில் நிரம்பிவிட்டதால் அடி அண்ணாமலையில் ஒரு சின்ன மண்டபம் கிடைத்தது. காலை முகூர்த்தம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு லேப்டாப்பை வைத்தேன். நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய், ஆனால் உன் கண் என் மேசை மேல்தான் இருந்தது. மாமாவின் மனைவி, உன் அத்தை, தாலி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க இறங்கினாள். ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட, நான் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தேன். மண்டபமே நாதஸ்வரம் என்று நம்பிவிட்டது. எனக்குக்கூடக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

கரன்ட் போனது.

ஜெனரேட்டரை உடனே போட்டுவிட்டார்கள். லேப்டாப்பைத் தட்டினேன். பழகியபடி எழுந்திருந்தால் கவலை இல்லை. அது நீலத் திரையைக் காட்டி, டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று எண்களை ஓட்ட ஆரம்பித்தது. அத்தனை முறை பிளக்கைப் பிடுங்கியும் ஒரு நாளும் அது இப்படிச் செய்ததில்லை. "நேரமாறது, தட்டைக் கொண்டு வாங்கோ" என்று ஐயர் குரல் கொடுத்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னையும் என் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்கள் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அத்தை தட்டோடு மேடைப் படியை நெருங்கிவிட்டாள். நான் உன்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு நிமிடம் வேண்டும் என்று உனக்குப் புரிந்தது.

நீ தலையை நிமிர்த்தினாய். "அத்தை, தட்டு இன்னும் எங்கம்மா கிட்ட போவல."

உன் அம்மா கூடத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அங்கிருந்தே தலையை ஆட்டினாள். பெரியம்மா எழுந்துவிட்டாள். "இன்னாம்மா இது? அவங்க எப்பிடித் தொடுவாங்க?"

"எங்கம்மா தொடாம எனக்கு வேற யாரு ஆசீர்வாதம் பண்றது? எடுத்துட்டுப் போங்க அத்தை."

மேடையில் ஒரு பெண் இப்படிப் பேசி அந்தக் கூட்டம் கேட்டிருக்காது. அத்தை மாமாவைப் பார்த்தாள், மாமா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "போயிட்டு வாங்க, இருக்கோம்" என்றார், சாதாரணமாக. எனக்கு அந்த மனிதரை அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

அத்தை கூடத்தின் முழு நீளமும் நடந்து போனாள். அம்மா கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, தேங்காயின் ஓரத்தை மட்டும் தொட்டாள். அத்தை நகரவில்லை. "தாலியத் தொடுங்க அண்ணி" என்றாள். அம்மா தொட்டாள். தொட்ட கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இங்கே எண்கள் முடிந்து திரை வந்தது. சின்ன ஹோஸ்டைத் திறந்தேன். சாம்பல் பெட்டி. நாதஸ்வரத்தைப் போட்டேன், தவிலைப் போட்டேன், கீபோர்டைக் காட்டினேன். சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு கட்டையைத் தொட்டேன். குரல் இருந்தது. அத்தை மேடை ஏறியதும் ஐயர் கையைத் தூக்கினார். அன்று நான் வாசித்தது போல அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. என் கை மேலும் கட்டைகள் மேலும் அரிசி வந்து விழுந்தபோதுதான் கட்டியாகிவிட்டது என்று தெரிந்தது. பெரியம்மாவும் அட்சதை போட்டாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "எனக்காகத்தானே அம்மாகிட்ட அனுப்பினே?" நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாய். "நீ ரெண்டு விரலுதான் காட்டினே. இன்னும் ரெண்டு காட்டியிருந்தா எங்கம்மாவ மேடைக்கே கூட்டியாந்திருப்பேன்."

அதன் பிறகு நீ வேலூருக்குப் போனாய். போனில் பாடிக் காட்டுவாய், சுருதி சேரவில்லை என்று நான் வம்புக்கு இழுப்பேன். ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று மாமா போனில் சொன்னபோது, விளையாடுகிறாய் என்றே நினைத்தேன். எழுப்பு, எழுப்பு என்று என்னைப் பாடாய்ப் படுத்தியவளே, உன்னை எழுப்ப எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது. அழுதுவிடுகிறேன்.

இப்போது எனக்குப் புது லேப்டாப் வந்துவிட்டது. பேட்டரி நன்றாக நிற்கிறது. ஹோஸ்ட் மட்டும் அதே போலச் சின்னதுதான், கண்ணை மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடும். மேளம் கிடைக்காத முகூர்த்தங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். தட்டு சுற்றிவரும் நேரத்தில் நான் திரையைப் பார்ப்பதில்லை, கூடத்தின் கடைசியைப் பார்க்கிறேன். போன வாரமும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவோரம் பொட்டில்லாத நெற்றியோடு ஓர் அம்மா ஒதுங்கி நின்றாள், தட்டு அவளிடம் போகாமல் பாதியிலேயே திரும்பி மேடை ஏறிவிட்டது. ஐயர் கையைத் தூக்கினார். எல்லாம் தயாராக இருந்தது. நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு மைக்கில் சொன்னேன்.

"சாமி, சிஸ்டம் மாட்டிக்கிச்சி, ரெண்டு நிமிஷம் ஆவும். அதுக்குள்ள அதோ கதவாண்ட நிக்கறாங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட தட்டைக் காட்டிட்டு வந்துருங்க."