செடி வேறு, பிள்ளை வேறு

இன்று காலை நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு காட்டில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கொடியும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை உள்ளே வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அம்மா, நீங்கள் கண்மூடி இரண்டு மாதமாயிற்று என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். உங்கள் மகனைப் பார்த்துத் துக்கம் கேட்கத்தான் புறப்பட்டேன். தைரியம் வரவில்லை. திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் உங்கள் ஊர்ச் சபைக்கு என்னை உபதேசியாராக அனுப்பினார்கள். ஓட்டுக் கொட்டகை ஒன்றுதான் ஆலயம். ஞாயிறுதோறும் இருபது பேர் வருவார்கள். எல்லோரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். நான் படித்துக்கொண்டு வந்த பிரசங்கங்கள் அவர்களிடம் ஒட்டவே இல்லை. உங்கள் பேச்சு ஒட்டியது. கிணற்றில் வாளி விழுந்த ஒரு நாள், பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவிக்கொண்டே சொன்னீர்கள்: "உளுந்த வாளி தானா மேல வருமுங்களா ஐயா? தேடறவன்தான் துழாவோணும். ஆண்டவர் நம்மளைத் தேடறதும் இப்படித்தானுங்க." களி கிண்டும்போது கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும், ஜெபமும் அப்படித்தான் என்பீர்கள். கடலைக் காட்டில் ஒரு செடியைப் பிடுங்கி உதறிக் காட்டினீர்கள். "மேல எல பழுத்து உதுந்துபோச்சுன்னா, பாக்கறவனுக்கு இது செத்த செடிங்க. அடியில பாருங்க, எத்தன காயி!"

அதையெல்லாம் நான் திருடினேன். நீங்கள் புதன்கிழமை சொன்னதை ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில் சொன்னேன். எனக்கு நல்ல பேர் வந்தது. நீங்கள் தரையில் உட்கார்ந்து, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு கேட்டீர்கள்.

அந்த ஐப்பசியில் எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டது. உங்கள் மூத்த பெண், ஒன்பது வயது. மூன்றாம் நாள் கழுத்து விறைத்து, பேச்சுக் குழறியது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். உங்கள் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். வர ஒரு வாரம் ஆகும். நீங்களும் நானும்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாள் அவள் கட்டிலைவிட்டு நீங்கள் நகரவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தைக்குப் பால் இல்லை. உங்கள் சேலை முன்பக்கம் நனைந்து நனைந்து காய்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் காலை என்னிடம் கேட்டீர்கள். "ஏனுங்க ஐயா, பொளச்சுக்குவாளுங்களா? சின்னவன் பாலுக்கு அளுவானுங்க. ஒரெட்டுப் போயிட்டு வரலாமுன்னு பாக்கறேன். ஆனா இவள உட்டுட்டுப் போகப் பயமா இருக்குதுங்க."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. டாக்டர் முகத்தை நான் பார்த்திருந்தேன். ஆனால் நான் உபதேசியார் அல்லவா? ஏதாவது சொல்ல வேண்டாமா? "பொழைச்சுக்குவாம்மா. ஜெபத்துல ஆண்டவர் எனக்குக் காட்டிட்டார். நீங்க தைரியமா போயிட்டு வாங்க" என்றேன்.

உங்கள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. குனிந்து, "சாமி, அம்மா போயிட்டு வெரசா வாரேன்" என்று அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனீர்கள்.

நடுப்பகலில் எஸ்தர் போய்விட்டாள்.

அடக்கத்தன்று குழியருகே நின்றேன். கையில் வேதம் இருந்தும் வாயில் வந்தது அந்தக் கடலைச் செடிதான். மேலே இலை உதிர்ந்தாலும் அடியில் பலன் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த நீங்கள் ஓரடி முன்னால் வந்தீர்கள்.

"போதுமுங்க ஐயா. செடி வேறங்க, என்ற புள்ள வேறங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. நான் வேதத்தை மூடினேன். மண் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. நான் ஞாயிறுதோறும் எழுந்து நின்று எதையோ வாசித்தேன். வாசித்தது எனக்கே கேட்கவில்லை. ஜெபிக்க முழங்காலிட்டால், 'காட்டிட்டார்' என்று நான் சொன்ன பொய்தான் முன்னால் வந்து நிற்கும். வேலையை விட்டுவிடுவதென்று கடிதம் எழுதி வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போக உங்களைத் தேடி வந்தேன். சோளக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே கேட்டீர்கள்.

"ஆண்டவர் காட்டினாருன்னீங்களே. நெசமுங்களா?"

"இல்லம்மா. ஒண்ணும் காட்டல. பயத்துல சொன்னேன்."

களைக்கொத்து நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "பயமுன்னே சொல்லியிருக்கலாமுங்க. ரெண்டு பேருமாப் பயந்துட்டு அங்கயே உக்காந்திருப்போம். அவ கையப் புடிச்சுட்டாச்சும் இருந்திருப்பேன்."

பிறகு, நான் எதற்கு நடுங்கிக்கொண்டிருந்தேனோ அதைக் கேட்டீர்கள். "கடைசியில என்னைக் கேட்டாளுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நினைவே திரும்பவில்லை என்று சொன்னால் உங்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு பொய் என் நாவில் எழவில்லை. "கேட்டா. ஒரு தடவ கண்ணத் தொறந்து, அம்மா எங்கன்னு கேட்டா."

நீங்கள் மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்படியொரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உங்களைத் தொடவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல், நானும் சோளத் தட்டுகளுக்கிடையில் உட்கார்ந்தேன். வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தோம். கடைசியில் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க ஐயா. வேலைய உட்டுப்போடாதீங்க" என்றீர்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனியில் நீங்கள் மறுபடி ஆலயத்துக்கு வந்தீர்கள். பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தீர்கள். எதையும் காட்டி, இது இப்படித்தானுங்க என்று அதன் பிறகு சொன்னதே இல்லை. உங்களிடமிருந்து அதைப் பறித்தவன் நான்தான் என்று அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு வருடம் கழித்து, கீழத்தெருவில் ஒரு பெண்ணின் குழந்தைக்கு அதே காய்ச்சல். நான் போனபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். அந்தத் தாயின் கையை உங்கள் மடியில் வைத்துப் பிடித்திருந்தீர்கள். அவள் என்னைக் கண்டதும், "ஐயா, ஏதாச்சும் சொல்லுங்க ஐயா" என்று கதறினாள். நான் வாயெடுத்தேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். கோபம் இல்லை, கெஞ்சல்தான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. இப்படி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். செத்துப்போன லாசருவை எழுப்புவதற்கு முன்னால் ஆண்டவரும் அழத்தான் செய்தார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எத்தனை முறை அதை வாசித்தும், அந்த இடத்தை அவசரமாகத் தாண்டியே போயிருக்கிறேன். அந்தக் குழந்தை பிழைத்தது. எஸ்தர் ஏன் பிழைக்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. இத்தனை வருடமாய் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் கேட்கவும் திராணியில்லை.

அதன்பின் கெங்கவல்லிப் பக்கம் என்னை மாற்றினார்கள். பல ஊர்கள், பல கட்டில்கள். இப்போதும் யாராவது என் கையைப் பிடித்து, "பொழைச்சுக்குவாங்களா ஐயா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். தாயை மட்டும் எங்கும் அனுப்புவதில்லை.