மாட்டுக் கொட்டாய்க்கு எதுக்கு நிலை?

டிச. 7, சனி

மழை விட்டாச்சு. வெயில்தான் இல்லை. மூணு நாள் துணி நாற்காலி முதுகில் எல்லாம் தொங்குகிறது, ஈரம் போகவில்லை.

புயலில் விழுந்த மாட்டுக் கொட்டாய் விழுந்தபடியே கிடக்கிறது. பின்சுவர் பாதி இல்லை. கூரை ஷீட்டெல்லாம் பக்கத்து வயலில். ராணியும் செவலையும் வண்டி நிறுத்துகிற இடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே. வண்டி ஹாலில். நடக்க இடமில்லாமல் நான்.

பாக்கி வேலை: கேஸ் புக் பண்ணணும். மாவு அரைக்கணும். தவிடு. பொண்ணு கவிதாவின் காலேஜ் பைக்கு ஜிப்பு. மேஸ்திரிக்கு போன் (இதை நானே பண்ணிட்டேன் என்கிறார் வீட்டுக்காரர். அதிசயம். ஒரு பல்பு மாற்ற இவரிடம் ஆறு மாசம் சொல்லணும்).

டிச. 9, திங்கள்

மேஸ்திரி வந்தார். புதுவாயல்காரர், எந்த ஆம்பளையைப் பார்த்தாலும் நைனாதான் அவருக்கு. இவர் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து வந்ததும் தூங்காமல் அவரோடு நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கவிதாவுக்கு டப்பா கட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"மார்கழி பொறக்கறதுக்குள்ள முடிச்சிரணும்." இவர்.

"முடிச்சிரலாம் நைனா." மேஸ்திரி.

மார்கழிக்கும் மாட்டுக்கும் என்ன? மனுஷன் குடியிருக்கிற வீட்டு வேலைக்குத்தான் மார்கழி ஆகாது. மாடு என்ன பஞ்சாங்கமா பார்க்கிறது? கேட்டேன். "மறுக்கா மழ வந்துரும்மே, அதான்" என்றார். மழைக்கு மாசம் தெரியுமா. சரி, எப்படியோ முடிந்தால் போதும்.

ராணி சினை. தையில் கன்று போடும். அதற்குள் அதன் காலடியில் ஈரமில்லாத இடம் வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டிச. 11, புதன்

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

சுவர் ஏறிவிட்டது. வேகம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் கொட்டாய்த் தரை என்றால் பின்பக்கம் சரிவாக இருக்கணும், மாட்டு மூத்திரம் ஓடிக் கால்வாயில் விழணும். இங்கே தரைக்குக் கொட்டின மண்ணே கேரம்போர்டு மாதிரி மட்டமாக இருக்கிறது.

"வாட்டம் எங்க மேஸ்திரி?"

"அப்புறம் குடுத்துக்கலாம்க்கா."

"தரை போட்டப்புறம் எப்டி குடுப்பீங்க?"

"அண்ணன கேட்டுக்கோங்கக்கா. நான் இன்னா பண்றது, சொன்னத செய்றேன்."

அண்ணன் தூங்குகிறார். எழுப்ப மனசு வரவில்லை.

கிழக்குச் சுவரில் ஜன்னலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மாடு வேடிக்கை பார்க்கவா? கவிதாவிடம் சொன்னேன். "காத்து வரும்மா, உடேன்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையோ. இப்போதெல்லாம் மாட்டுக்கு ஃபேன் போடுகிறார்களாம்.

இதையே யோசித்ததில் சாம்பார் அடிப்பிடித்தது.

டிச. 12, வியாழன்

குட்டியானை வண்டியில் கதவு நிலை வந்து இறங்கியது. கூடவே மஞ்சள், குங்குமம், மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம். இவர் வேட்டியில் நிற்கிறார். தீபாவளிக்குக்கூடக் கட்டாத வேட்டி.

"அக்கா, நீங்க ஒரு கைய வெய்ங்க. ஊட்டு பொம்பள தொட்டாத்தான் நல்லது." மேஸ்திரி.

வைத்தேன். மாவிலையும் நான்தான் பறித்துக் கொடுத்தேன். கற்பூரம் காட்டினார்கள், கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். நிலை நின்ற பிறகுதான் மண்டையில் உறைத்தது. மாட்டுக் கொட்டாய்க்கு எவன் நிலை வைப்பான்? ராணி அந்த வயிற்றோடு இந்த வாசலில் நுழையவே முடியாது.

"இது இன்னாங்க?"

"ரூமு."

"யாருக்கு?"

"எங்க கம்பெனில வேல செய்ற பசங்க ரெண்டு பேரு. ஒடிசாக்காரப் பசங்க. ஊடு கெடைக்காம சுத்திக்கினுகிறானுங்க."

"அப்ப மாடு?"

மேஸ்திரி கரணையைக் கழுவுகிற சாக்கில் நழுவிவிட்டார்.

"கவரப்பேட்டைல ஒருத்தரு கேட்டுக்கினே இருக்காரு. ரெண்டையும் சேத்து ஓட்டிக்கினு போயிடறேன்றாரு."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இவர் கத்தவில்லை. அதுதான் எரிச்சல். "நீதானமே சொன்ன? ஆடி மாசம் முட்டி வீங்கிக்கினு, சாணி அள்ளிக்கினே அழுத. இதுங்கள வித்துத் தொலைங்க, நானும் மனுஷியா வாழணும்னு சொன்ன. நான் மறக்கல. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல."

சொன்னேனா? சொன்னேன். சாணிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

டிச. 13, வெள்ளி

இரண்டு பேரும் பேசவில்லை. நடுவில் கவிதா தபால்காரி. "அப்பா, சட்னி வேணுமானு அம்மா கேக்குது." "போதும்னு சொல்லு."

ஒரே குழப்பம். இவர் என்னை ஏமாற்றினாரா, எனக்கு நல்லது செய்தாரா? கல்யாணமானதிலிருந்து நான் நிதானமாகச் சொன்ன எதுவும் அந்தக் காதில் ஏறியதில்லை. வலியில் கத்தின ஒன்று மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதற்கு சந்தோஷப்படுவதா, நாலு சாத்து சாத்துவதா?

மத்தியானம் கோபம் இறங்கியதும் வேறொன்று வந்தது. நிம்மதி. விடியுமுன் எழ வேண்டாம். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனால் கறவைக்கு ஓடி வராமல் இரண்டு நாள் தங்கலாம். கையில் சாணி வாசம் இருக்காது.

அந்த நிம்மதி வந்த பிறகு ராணியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தவிட்டுத் தண்ணி வைத்தேன். வழக்கம்போல என் தோளில் மூச்சு விட்டது. அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் என்ன தெரிந்தது?

ரசத்துக்கு உப்பு போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டேன். இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

டிச. 14, சனி

காலையில் தரைக்குக் கலவை போடுமுன் மேஸ்திரி வந்து நின்றார். "திங்க கெழம மார்கழி பொறக்குது. இன்னிக்கே சொல்லிருங்க. தரைய மாட்டுக்குப் போடறதா, மனுஷனுக்குப் போடறதா?"

இவர் என்னைக் காட்டினார். "அவ சொல்றதுதான்."

இந்த வார்த்தையைக் கேட்க எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பேன். கேட்டதும் மாட்டுப் பக்கம் திரும்பினேன். தார்ப்பாய்க்கடியில் ராணி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாக வயிறு அசைந்தது.

"மாட்டுக்கே போடுங்க. நிலைய எடுத்துருங்க."

"அய்யோ அக்கா! பூச பண்ணி வெச்ச நிலைய எடுக்கக் கூடாது. ஊட்டுக்கு ஆவாது."

அதுவும் உண்மைதான். தொட்டுக் கும்பிட்டவள் நான். மூன்று பேரும் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்ப நிலை இருக்கட்டும். பக்கத்து சுவத்த இடிங்க. மாடு அந்த வழியா போவட்டும்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. சம்மட்டியைத் தானே எடுத்தார். நைட் ஷிப்ட் பார்த்த கண்ணு, சிவந்து கிடந்தது. பாதிச் சுவர் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். சாணி, கூடை, விடியற்காலை, முட்டி எல்லாம் அதற்குள் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

இவர் நிறுத்தினார். "இப்ப ஏன்மே அழுவுற? நீதான சொன்ன?"

முந்தானையில் முகத்தைத் துடைத்தேன். இவர் என் பக்கத்தில் வந்து குரலை இறக்கி, "இப்பக்கூட மாத்திக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மீதியையும் இடிங்க" என்றேன்.