ஜூலை இருபத்தொன்று சிவந்த வழக்கு

அனுப்புநர்:
சோ. பாண்டிமுருகன்,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு (கடைசி பெஞ்சு, ஜன்னலோரம்),
திருத்தங்கல்.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி கற்பகவல்லி அம்மா அவர்கள்,
நீதிமன்றம், சிவகாசி.

பொருள்: என் வகுப்புத் தோழன் ஹாமித்தை ஒரு வார்த்தையும் பேச விடாமல் வாலிபால் அணியிலிருந்து நீக்கியது – மறுவிசாரணை கோருதல்.

பார்வை: சென்ற மாதம் சட்ட விழிப்புணர்வு முகாமில் தாங்கள் எங்கள் பள்ளியில் ஆற்றிய உரை. (நடுவில் மைக் நின்றது. ஆனாலும் கேட்டது.)

மதிப்பிற்குரிய அம்மா,

கடந்த 21.07.2025 திங்கட்கிழமை எங்கள் வகுப்பின் நான்கு மின்விசிறிகளும் ஒரே ஒரு மாணவனுக்காகச் சுற்றின என்னும் வரலாற்றுச் செய்தியைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். அந்த மாணவன் நானே என்பதையும் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

1. எங்கள் வகுப்பில் தொங்கும் மாதக் காலண்டர், ஹாமித்தின் அத்தா அசன் முகம்மது அவர்கள் தாம் மெஷின் ஓட்டும் அச்சகத்திலிருந்து வாங்கிக் கொடுத்தது. அதில் 21-ஆம் தேதி சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் லீவு. ஆடி மாதம், ஏதோ கோயில் விசேஷமாக இருக்கும் என்று வகுப்பே வீட்டில் இருந்துவிட்டது.

2. வீட்டுக் காலண்டரைப் பார்க்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் காலண்டர் அடிப்பவர்கள்; காலண்டர் அடிப்பவர் வீட்டில் நல்ல காலண்டர் தொங்காது. அச்சில் தப்பாகிக் கழித்துப் போட்டதுதான் தொங்கும். எங்கள் வீட்டு மார்ச்சில் வாரத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை உண்டு. ஆகவே பெற்றோர் அனைவரும், “நம்ம வீட்டுது வேஸ்ட்டு. பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தப்பானதக் குடுப்பாகளா?” என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்துவிட்டனர்.

3. அன்றைக்கென்று பார்த்து ஆய்வுக்கு அதிகாரி வந்தார். வருகைப் பதிவேட்டை அவரே எடுத்துப் பெயர்களை வாசித்தார். நான் மட்டும் விறைப்பாக எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்றேன். மறுநாள் பிரேயரில் ‘கடமை தவறாத மாணவன்’ என்று எனக்குப் பேனா பரிசளித்தார்கள். கைதட்டல் நன்றாக இருந்தது.

4. அதே பிரேயரில் தலைமை ஆசிரியர் சீனிவாசகம் ஐயா ஹாமித்தை முன்னால் அழைத்து, “ஏலே, தப்புக் காலண்டரக் கொண்டாந்து மாட்டி ஸ்கூல் மானத்த வாங்கிட்டியேலே! சனிக்கிழம விருதுநகர் மேட்சுக்கு நீ வர வேண்டாம்” என்றார். ஹாமித், “சார், அது வந்து...” என்றான். “பேசாதலே!” என்றார். விசாரணை இத்துடன் முடிவுற்றது.

5. எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் ஹாமித். மற்றவர்கள் கைதட்டு வாங்குவதெல்லாம் அவன் தூக்கிக் கொடுத்துத்தான். அவன் அத்தாவோ, தம் மெஷினில் சிவப்பு எங்கே தப்பியது என்று பழைய தாள்களை வீடெல்லாம் விரித்துவைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, “நீ வெவரமான பய பாண்டி. அம்புட்டுப் பேரும் ஏமாந்தப்ப உனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது, சொல்லுப்பா?” என்று கேட்டார். டீ சூடாக இருந்ததால் நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

6. தீர்ப்பில் கையெழுத்திடும் முன் ‘இவர் பேசி முடித்துவிட்டாரா?’ என்று ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள். ஒரு வழக்கில் அப்படிக் கேட்காமல் விட்டதையும், மேல்கோர்ட் அதைத் திருத்தியபோது வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்ததையும் மறைக்காமல் சொன்னீர்கள். நீதிபதிகள் இதையெல்லாம் வெளியே சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. (அந்த நேரத்தில் சத்தமாகக் கொட்டாவி விட்டவன் சங்கையா. அவன் சார்பில் வருந்துகிறேன்.)

7. உண்மை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டால் தப்பான தீர்ப்பில் அவனும் கையெழுத்துப் போட்டதாகத்தான் அர்த்தம் என்றும் சொன்னீர்கள். அதற்கு நான் பலமாகக் கைதட்டிவிட்டு மறந்துபோனேன். அந்த டீயைக் குடிக்கும்போது நினைவு வந்தது.

ஆகவே, சனிக்கிழமைக்கு முன் ஹாமித்தின் தரப்பைக் கேட்கும்படி தாங்கள் தலைமை ஆசிரியரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன். அவர் நல்லவர். முகாமில் முதல் வரிசையில் உட்கார்ந்து தங்கள் பேச்சு முழுவதற்கும் தலையாட்டியவர்.

ஆனால் கேட்டாலும் ஹாமித் “தெரியாது சார்” என்றுதான் சொல்வான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்த சாட்சி ஒருவன்தான். அந்தக் காலண்டரின் செப்டம்பர் தாளைப் புரட்டினால், 21 இருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டை இருக்கும். அந்தச் சிவப்பு 21-ஐ வெட்டி ஜூலையில் ஒட்டியவன் நான். நாலு பேர் ஏமாறுவார்கள் என்று நினைத்தேன், வகுப்பே ஏமாந்தது. அன்று நான் பள்ளிக்கு வந்தது கடமைக்காக அல்ல, வேடிக்கை பார்க்க. ஹாமித்தைப் பேச விடாதபோது எனக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அசன் முகம்மது அவர்களின் மெஷினில் ஒரு குறையும் இல்லை.

இம்மனுவின் நகலை நாளைக் காலை நானே தலைமை ஆசிரியர் மேஜையில் வைப்பேன். வைக்கும் நேரத்தில் தாங்கள் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இடம்: திருத்தங்கல்
நாள்: 23.07.2025

இப்படிக்கு,
தலை குனிந்து,
சோ. பாண்டிமுருகன்

இணைப்பு: பரிசுப் பேனா – 1. (இம்மனுவை எழுதியதும் இதில்தான். நன்றாக எழுதுகிறது. ஹாமித்துக்குக் கொடுத்துவிடவும்.)