கேமராவுக்குக் காது எங்கே இருக்கிறது?

திங்கட்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டு மேலே எழுதுகிறேன். அந்தப் பேச்சை எடுத்தால் அதற்கே இரண்டு பக்கம் போய்விடும்.

எனக்கு ஒரு வீடியோ கேமரா வாங்கவேண்டும். சிரிக்காதே. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் தெரியாதவள் என்று நீ என்னைக் கிண்டல் செய்த காலம் வேறு. பதினான்கு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறேன். கண்ணாடியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் நேற்று கேமராக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் ஜூம்தான். அவருக்கு ஜூம்காரர் என்றே பெயர் வைத்துவிட்டேன். உள்ளங்கையில் அடங்குகிற கேமரா ஒன்றை எடுத்து, எதிர்க்கட்டடத்து மூன்றாவது மாடியில் இருக்கும் தையல்கடைப் பலகையை அதன் சின்னத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார். பலகையில் ஒரு ஆணி துருப்பிடித்திருந்தது, அதுகூடத் தெரிந்தது. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தேன், பூச்சு பச்சையும் ஊதாவுமாக ஒரே சீராக மின்னியது. நல்ல வேலை. எல்லாம் சரி, அந்தத் தையல்காரர் பேசுவது இதில் கேட்குமா என்று கேட்டேன். ஜூம்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா, இது கேமரா, டெலிபோன் இல்லை என்றார்.

நான் விடவில்லை. கேமராவுக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். லென்ஸுக்குக் கீழே சல்லடை மாதிரி இரண்டு பொட்டுகளைக் காட்டினார். அவரையே பேசச்சொல்லிப் பதிவுசெய்து போட்டுக் கேட்டேன். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிறவர் மாதிரி இருந்தது. போதாததற்குப் பேச்சு முழுக்க அடியில் ஒரு குர்ர் சத்தம். அது என்ன என்றேன். உள்ளே கேசட்டைச் சுற்றுகிற மோட்டார் என்றார். தன் வயிறு இரைவதைத் தானே பதிவுசெய்கிற ஒரு சாமானை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்தக் குர்ர் இல்லாமல் ஒரு ஆள் பேசுவது மட்டும் சுத்தமாகக் கேட்க என்ன வழி? எந்த மாதிரி கேமரா பார்க்கட்டும்? கூட என்னென்ன வாங்கவேண்டும், எதையெல்லாம் ஜூம்காரர் தலையில் கட்டப் பார்ப்பார்? நீ இந்தத் தொழிலிலேயே இருக்கிறவன், உனக்கு இது ஐந்து நிமிஷ வேலை. எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். ஒரு ஆசைதான்.

மாமாவுக்குத் தொண்டைக்கட்டு இன்னும் விடவில்லை. நாலு மாசமாகிறது. சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்கிறார் டாக்டர். காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிற மனிதரிடம் போய் இதைச் சொன்னால் எப்படி? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போகிறோம்.

பதிலை நாளாக்காமல் போடு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா

*

ஞாயிற்றுக்கிழமை

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம்! மூன்று வருஷத்தில் நீ எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. கேமரா என்றால்தான் உனக்குக் கை ஓடுகிறது.

நீ சொன்னபடியே செய்தேன். மைக் சொருக ஒரு துளை, ஹெட்போன் சொருக ஒரு துளை, இரண்டும் இல்லாத கேமராவைக் கையால் தொடாதே என்று எழுதியிருந்தாயே, அதைக் கடையில் அப்படியே வாசித்தேன். ஜூம்காரர் அலமாரியில் எடுத்து வைத்திருந்த ஆறில் நாலைப் பேசாமல் உள்ளே வைத்துவிட்டார். மிச்சம் இருந்த இரண்டில் கனமானதை எடுத்துக்கொண்டேன். கை ஆடாமல் இருக்கக் கொஞ்சம் கனம் நல்லது என்று நீ எழுதியது உண்மைதான். தேய்க்கிற கல்லும் அப்படித்தான், லேசாக இருந்தால் துள்ளும்.

சட்டையில் குத்துகிற மைக் வாங்கினேன், வயரோடு. மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கிறது. பெரிய பேட்டரி ஒன்று, ஒரே கம்பெனிக் கேசட் ஐந்து, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன். லென்ஸ் முன்னால் மாட்டுகிற கண்ணாடியை மட்டும் என் கடையில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். முதலில் கொடுத்ததில் ஒரு சுழி இருந்தது. திருப்பிக் கொடுத்ததும் ஜூம்காரர் இப்போது என்னை மேடம் என்கிறார். விளக்கு வேண்டாம், அகலக் காட்டும் லென்ஸ் வேண்டாம் என்று நீ அடித்துச் சொல்லியிருந்ததால் தப்பித்தேன். ஆனால் கேமராவை நிறுத்துகிற முக்காலியில் ஏமாந்துவிட்டேன். தூக்க லேசாக இருக்கிறதே என்று வாங்கினேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கால் மெல்ல இறங்கி, கேமரா யாருக்கோ கும்பிடு போடுகிறது. இப்போதைக்குத் துணி காயப்போடும் கிளிப்பை வைத்து இறுக்கியிருக்கிறேன்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீட்டைக் கேட்டிருக்கிறாயா? எனக்கு இது தெரியாமலே இத்தனை வருஷம் போயிருக்கிறது. பிரிட்ஜ் முனகுகிறது. கடிகாரம் சுத்தியல் அடிக்கிறது. மேல்வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கள் சுவர் வழியாகத்தான் இறங்குகிறது. என் புடவை நடக்கும்போது காகிதம் கசக்குகிற மாதிரி சத்தம் போடுகிறது. மூன்று நாளாக வேலைவிட்டு வந்ததும் இதே விளையாட்டுதான். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நான் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. அப்போது கொஞ்சம் பயமாக இருந்தது. உடனே பிரிட்ஜைப் போட்டுவிட்டேன்.

யாரைப் படம் பிடிக்கப்போகிறாய், மாமாவையா என்று கேட்டிருந்தாய். நேற்று அவர் மேஜைமேல் கேமராப் பையைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அவருடைய ஏலத்தைப் படம் எடுத்து, குரலை வேகமாக ஓடவிட்டு, சுண்டெலி கத்துகிற மாதிரி ஆக்கி, மார்க்கெட் சங்கக் கூட்டத்தில் முந்நூறு பேர் முன்னால் போட்டுக் காட்டினாய். உனக்கு அது வேடிக்கை. நானும் சிரித்தேன், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து உன்னைப் போட்ட சத்தத்தில் தெருவே கதவைத் திறந்து பார்த்தது. இனி என் கண்முன்னால் நிற்காதே என்றார், நீயும் அந்த மாசமே ஊரைவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் கேமரா என்று வாயெடுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏலத்தை இப்போது அவருடைய கூட்டாளி விடுகிறார். இவர் பக்கத்தில் நின்று விரலால் காட்டுகிறார். உருளைக்கிழங்கு மூட்டையை அந்த மனிதர் தூங்கி வழிந்துகொண்டு விற்கிறார் என்று வீட்டில் வந்து புலம்புகிறார், அதுவும் கரகரவென்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

சனிக்கிழமை

தம்பி,

போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை உன் நம்பரைச் சுழற்றி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு வரும்.

மாமாவுக்கு வந்திருப்பது தொண்டைக்கட்டு இல்லை. குரல்பெட்டியில் கட்டி. அதை முழுவதுமாக எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். எடுத்தபின் பேச்சு இருக்காது. பிறகு ஏதோ கருவி வைத்துப் பழகலாமாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்று அவரே சொல்லிவிட்டார். வருகிற புதன் இல்லை, அதற்கடுத்த புதன் ஆபரேஷன். அப்படித்தான் ஆகும் என்று முதல் டாக்டரே பாதி சொல்லியிருந்தார். அதனால்தான் கேமரா. இதை உன்னிடம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, என்னிடமே மறைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. என்ன பை எடுத்துப்போவது, யார் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வது, எல்லாம் பேசினோம். இதைத் தவிர. செவ்வாய்க்கிழமை நான் வேலைவிட்டு வந்தபோது அவர் கூடத்தில் முக்காலியை விரித்துப்போட்டு, அதன் காலை ஸ்குரூ வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கிளிப்பை வச்சா நிறுத்துவே என்று என்னைக் கேட்டார். அப்புறம், நீ இதை எதுக்கு வாங்கினேன்னு எனக்குத் தெரியாதா, மைக்கைக் கொடு என்று தானே வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். தலைகீழாகக் குத்தினார். நான் கழற்றி நிமிர்த்திக் குத்திவிட்டேன்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிரிட்ஜை அணைத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சந்தை முழுவதையும் ஒரு குரலில் கட்டி நிறுத்துகிற மனிதருக்குக் கேமரா முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க என்றேன். மனசுல என்ன இருக்கு, ஒண்ணுமில்ல என்றார். பிறகு சட்டென்று ஏதோ தோன்றியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். உபயோகமா இருக்கிறதைச் சொல்றேன், பிடிச்சுக்கோ என்றார். சொல்ல ஆரம்பித்தார் பார்.

“வந்துட்டியா?” “யாரது கதவுல?” “எனக்கு வேணாம், நீ சாப்பிடு.” “கண்ணாடியை எங்க வச்சேன்?” “குடை எடுத்துக்கிட்டுப் போ.” “சரி.” “சரிங்கிறேன்ல.”

ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். ஒன்றைச் சொல்லிவிட்டு, இது போதுமா, கோபமா ஒண்ணு, சாதாரணமா ஒண்ணு வேணுமா என்று தொழில்காரர் மாதிரி விசாரித்தார். நீ வேலைவிட்டு வந்ததும் அந்த வந்துட்டியாவைப் போட்டுக்கோ என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹெட்போன் மட்டும் ஏனோ நனைந்துபோயிற்று.

முடிந்ததும் தானும் கேட்கவேண்டும் என்றார். ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். ஒரு நிமிஷம்தான் கேட்டார். கழற்றிவிட்டார். இது நான் இல்ல, கிழிஞ்ச சாக்கை இழுக்கிற மாதிரி இருக்கு என்றார். உண்மைதான் தம்பி. நாலு மாசத்துக்கு முன்னால் நான் யோசித்திருக்கவேண்டும். மொச்சைக்கொட்டை மைக் என்ன செய்யும், இருக்கிறதைத்தானே அது பிடிக்கும்?

மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “என் குரல் உன் தம்பிகிட்ட இருக்கு. அவன் வேகமாக்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தான் எடுத்திருப்பான். வேலை தெரிஞ்சவன்.”

மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். கேட்டுப்பாரேன் என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார். நான் கேட்கிறேன். அன்றைக்கு எடுத்த முதல் கேசட், நீ கைவைக்காதது, உன்னிடம் இருக்கிறதா? எத்தனை முறை அறை மாறினாயோ, எதைத் தூக்கிப் போட்டாயோ, எனக்குத் தெரியாது. இருந்தால் பத்திரமாகக் கட்டி அனுப்பு. அதில் ஒன்றையும் சரிசெய்யாதே. சந்தை இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுது, அதற்காக உன்மேல் வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. நானும் சிரித்தவள்தான்.

அது மெதுவாக வரட்டும். போன் அப்படி இல்லை. இந்தக் கடிதம் வியாழனன்று உன் கைக்கு வந்தால் உனக்கு ஆறு நாள் இருக்கிறது. வீட்டு நம்பர் மாறவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருக்கிறார், மணி அடித்தால் அவரே எடுக்கும்படி நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். மன்னிப்பு கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதே, சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஏதாவது கேள். வெங்காயம் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று கேள், அந்தக் கூட்டாளி எப்படி ஏலம் விடுகிறார் என்று கேள். பதில் நீளமாக வருகிறதாகப் பார்த்துக் கேள். திட்டினாலும் திட்டட்டும், நடுவில் வைத்துவிடாதே. அவராக நிறுத்தும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இரு.

உன்னை நம்பி இருக்கும்,
அக்கா