புதன் சுருங்கியதும் தெரசா மாடி ஏறியதும்

பிப்ரவரி 14, சனி

சுருங்குதாமே! யார்யா நூல் புடிச்சி அளந்தது? கொளஞ்சியப்பா, உன் மூஞ்சிக்கு நேராகக் கேட்கவேண்டியதை இந்த நோட்டில் கேட்கிறேன். காலேஜ் லேபில் முப்பது வருஷம் கண்ணாடிக் குப்பி கழுவி ரிட்டயர் ஆனவன் நீ. எதிர்வீட்டு மாடியில் பைனாகுலரோடு நின்றுகொண்டு, கல்வராயன் மலைக்கு மேலே மினுக்குவது புதன் கிரகம் என்கிறாய். சரி. உள்ளே சூடு ஆறி ஆறி அது சுருங்கிவிட்டது, மேல் ஓடு மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது என்கிறாய். அதுவும் சரி. அதை ஏன்யா என் பொண்டாட்டிகிட்ட சொல்ற?

நாலு நாளாகப் பொழுது சாய்ந்தால் தெரசா அந்த மாடியில். நாற்பத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதுண்டா அவள்?

பிப்ரவரி 16, திங்கள்

ஏரி மண்ணை உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்தேன். முழுக்க வெடிப்பு. சாயங்காலம் மாடிக்கே கொண்டுபோனேன்.

"இன்னா விஞ்ஞானி, சுருங்கினா வெடிக்கும். மடியாது. ஏர் ஓட்டினவனுக்குத் தெரியாதா?"

கொளஞ்சியப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல மேல்மண்ணு மொதல்ல காஞ்சி சுருங்கிச்சி, உள்ள அப்பிடியே கெடக்குது. அதான் வெடிப்பு. அங்க தலைகீழுங்க. ஓடு எப்பவோ ஆறிடிச்சி. உள்ள இருக்கிறதுதான் இன்னும் ஆறிக்கினு, சுருங்கிக்கினு கீது. ஓட்டுக்கு எடம் பத்தல. மடியுது."

சிரித்தது அவன் இல்லை. தெரசா.

பிப்ரவரி 18, புதன்

கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் வாங்கி வந்தோம். தவக்காலம் ஆரம்பம்; ஈஸ்டர் வரைக்கும் பிடித்தது ஒன்றை விடவேண்டும்.

"இந்த வருசம் இன்னா வுடப்போற?" என்றாள்.

"பீடி."

"அது போன வருசமே வுட்டாச்சி. கொளஞ்சியப்பன நக்கல் பண்றத வுடு."

நாற்பது நாள்! கறியை விடச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஒரே ஒரு பைனாகுலர்தானாம். மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அவன் பெண்டாட்டி பெரியநாயகியும் கூடத்தான் நிற்கிறாள். இருக்கட்டுமே.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாயங்காலம் எனக்குப் பூரியும் கிழங்கும் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ரோஷம். தொடவில்லை. தட்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உண்மையாகவே பார்க்க ஆரம்பித்தேன்.

திரும்பி வந்தவள், "இன்னா, துன்னாம ஆற வுட்டுக்கினு கீற?" என்றாள்.

"தெரசா, இங்க குந்து. இந்தப் பூரி சுட்டப்ப உப்பிக்கினு இருந்திச்சா? உள்ள சூடு போவப் போவ அமுங்கிப்போச்சி. தோலு மட்டும் அதே தோலு. எப்பிடி மடிஞ்சி கெடக்குது பாரு. அந்தாளு சொன்னது நெசந்தான்."

குனிந்து பார்த்தாள். என் தோளில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நீயா கண்டுபுடிச்ச?"

"நானேதான். இன்னொண்ணு சொல்லணும் தெரசா. பத்து நாளா எனக்கு இன்னா ஆச்சின்னா, நீ அங்க போறப்பல்லாம்..."

"இரு இரு, மடிப்பு கலைஞ்சிடப்போவுது. மொதல்ல கொளஞ்சியப்பன் சார்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.