எதிர்க்கரைக்குப் போன கல்லு

1934 யூன் 11, திங்கள்
விடிய முதல் மழை. குடைக்கம்பி முறிஞ்சு போச்சு. கட்டுகஸ்தோட்டையிலை ஆத்தங்கரை கட்டக் கல்லு வந்திருக்கு. ஒரு கரைக்குத்தான் காணும். ஆறு அரிக்கிறது பாலத்துக்குக் கீழை, சோனகரின்ரை நாலு வீட்டடியிலை. எஞ்சினியர் எதிர்க்கரை பங்களாத் தோட்டத்துக்குப் போடட்டாம். அங்கை அடியிலை பாறை, ஒண்டும் ஆகாது எண்டன். நாலு வீட்டுக்கும் காணி உறுதி இல்லை, அதாலை அவை கணக்கிலை இல்லையாம். ஓவசியர் வேலை பாக்கிற நான் யோசிக்கத் தேவையில்லையாம். அந்தாளின்ரை மூஞ்சையும் ஆளும். கொழும்புத் தமிழ், அதுவும் மூக்காலை.

12, செவ்வாய்
பாதிக் கல்லு இறக்கியாச்சு. கூலியாக்களிலை மூண்டு பேருக்குக் காய்ச்சல். அந்த நாலு வீட்டிலை ஒண்டிலை இருக்கிற சித்தி உம்மா எண்டவ பாலம் கடந்து வந்தா. விதவை, இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குக் குடுக்கிறவ. கனநேரம் மழையிலை நிண்டு பாத்தா.
"இங்க கல்லுப் போட்டா தண்ணி எங்கட பக்கந்தானே தள்ளும், ஐயா?"
எஞ்சினியருக்குப் படிச்சும் விளங்காதது. எனக்கு ஆத்திரம். அரசாங்கக் கட்டளை, போம் எண்டு கத்திப்போட்டன். திரும்பிப் பாலத்தாலை போனா.
சவுக்காரம், நுளம்புவலை வாங்க வேணும்.

14, வியாழன்
ஆறு ஏறிட்டுது. காலமை அவவின்ரை குசினி போச்சு, அடுப்போடை. எதிரை பங்களாப் புல்லுக்கு ஒரு சேதமுமில்லை. எஞ்சினியர் காரிலை வந்தார், இறங்கேல்லை. வீட்டை விடச் சொல்லித் திங்களே அறிவிச்சது எண்டு கடதாசி வேணுமாம், கீழை அவையின்ரை கைநாட்டும். ஆர் அறிவிச்சது எண்டு கேட்டன்.
"நீர்தான்."
என்னை வேலையிலை நிரந்தரமாக்கிற கடிதம் இன்னும் தன்ரை மேசையிலைதானாம். சிரிச்சுக்கொண்டு சொன்னார்.

17, ஞாயிறு
நாலு வீடும் போச்சு. உயிர்ச்சேதம் இல்லை. எல்லாரும் பள்ளிவாசல் விறாந்தையிலை. கரை இழந்த ஆக்களுக்கு அரசாங்கம் தெல்தெனியப் பக்கம் மாத்துக் காணி குடுக்குதாம். உறுதி இருந்தால் மட்டும். கிடைக்கிறது ஒரு கடை முதலாளிக்கு. அவருக்குப் போனது மாட்டுக்கொட்டிலும் அரை வேலியும். புதுக் காணி மேடு பள்ளமில்லாமல் மட்டமோ எண்டு என்னட்டை வந்து கேக்கிறார். அறையலாம் போல. ஓம், மட்டம் எண்டன்.
எல்லாரிலையும் கோபம். அந்த மனுசியிலையும். ஏன் வந்து கேட்டவ? கேக்காட்டி தெரியாத மாதிரி இருந்திருப்பன்.

18, திங்கள்
வெயில். திங்களே அறிவிச்சது எண்டு எழுதின கடதாசியும் மைப்பெட்டியும் கொண்டு பள்ளிவாசலுக்குப் போனன். மற்ற மூண்டு வீட்டாரும் கேள்வியில்லாமல் கைநாட்டு வைச்சினம். சித்தி உம்மா மட்டும் கேட்டா.
"இது காணி குடுக்கவா, ஐயா?"
ஓம் எண்டன்.
ஈரக் கையை முக்காட்டிலை வடிவாத் துடைச்சுப்போட்டு, பெருவிரலை அமத்தி வைச்சா. எத்தினை நாள் செல்லும் எண்டு கேட்டா. கெதியிலை எண்டன்.
பத்து மணி பஸ்ஸிலை கந்தோருக்குப் போய் எஞ்சினியரின்ரை மேசையிலை வைச்சன். அந்தாள் வாசிக்கக்கூட இல்லை.