இரண்டாவது குதிரைக்கும் சேணம்

லினேயோவின் அம்மாவுக்கு,

இது நானே எழுதுவது. நம்பாவிட்டால் வாசிக்கிற நர்ஸம்மாவை எழுத்தைக் காட்டச் சொல். மலைப்பாதையில் கழுதை போவதுபோல் ஏறி இறங்கி இருக்கும்.

"வீட்டுல இன்சுலின் ஊசியளவு படிக்கத் தெரிஞ்ச ஆள் இருந்தாத்தான் அனுப்புவேன்" என்று உன் டாக்டர் சொன்னார் அல்லவா? மகள் லினேயோவோ எல்லைக்கு அப்பால் வேலையில் இருக்கிறாள். அதனால் நம் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே மருந்து கொடுக்கிற பூசெலெட்சோ முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"அப்பா, ஒரு கோடு கூடிப்போச்சுன்னா அம்மா பேயா வந்து உங்களை அடிப்பாங்க."

"இப்ப மட்டும் கொஞ்சறாளா? கத்துக்கொடும்மா."

எண்களைப் படிக்கப்போய் எழுத்தும் வந்துவிட்டது! மாவு மூட்டை, சோப்பு உறை, எதைக் கண்டாலும் உரக்கப் படிக்கிறேன். நாய் எழுந்து வெளியே போய்விடுகிறது.

நர்ஸம்மா, அடுத்ததை அவள் காதோடு வாசியுங்கள்.

உன் போர்வையை வெயிலில் போட்டு எடுத்தேன். துவைக்கவில்லை. சோளக்களியை இன்னும் இருவருக்கும் சேர்த்தே கிண்டுகிறேன். கையளவு மாறமாட்டேன் என்கிறது. நாய் கொழுத்துவிட்டது.

உன் கால்புண் ஆறிவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தாய். திங்கட்கிழமை வருகிறேன். டாக்டர் எந்த ஊசியை வேண்டுமானாலும் நீட்டட்டும், படித்துக் காட்டுகிறேன். உனக்குப் பிடித்த அந்தச் சாதுக் குதிரைக்கும் சேணம் போட்டே கூட்டி வருவேன். வெறும் சேணத்தோடு அதைத் திரும்ப மலையேற்ற என்னால் ஆகாது.

சொந்தக் கையால் எழுதிய,
உன் கிழவன்